நடராசாவின் அட்டை

வட்டக்கச்சியில் சின்னராசாவின் வீடு எது என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ஆள் நிற்கிறாரா என்று கேட்டால் சிரிப்பார்கள். "வெட்டு முடிஞ்சுதெல்லே. குளம் பார்க்கப் போயிருப்பார்."

இந்தியாவுக்குப் போகிற மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கலியாணச் சேலை எடுக்கப் போவார்கள். சின்னராசா காலபோக நெல் வெட்டி முடிந்த கையோடு போய், முன்பின் தெரியாத ஊர்களின் குளங்களையும் வாய்க்கால்களையும் பார்த்துவிட்டு வருவார். மூன்று ஏக்கர் வயல், இரணைமடுக் குளத்துத் தண்ணீர், ஐம்பத்தேழு வயது. தொடங்கியது பக்கத்தில்தான். முத்தையன்கட்டு, பாவற்குளம், பிறகு பஸ் ஏறிப் பொலன்னறுவை, திசமகாராமை. 2016இல் முதல்முறை கடல் கடந்தார்.

பக்கத்து வளவுக்காரர் சங்கிலி ஒருமுறை கேட்டார்:

"அண்ணை, அங்கத்தைத் தண்ணி எங்கட வயலுக்கு வருமோ?"

"வராது."

"அப்ப ஏன் அதைப் போய்ப் பார்க்கிறியள்?"

"வராது எண்டபடியால்தான். வாற தண்ணியைப் பார்க்கப் போனால் உன்னோடையெல்லே சண்டை வருது."

விரைவு ரயில்களில் அவர் ஏறுவதில்லை. எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில் யன்னலோரம் இருப்பார். தண்ணீர் தெரிந்த இடத்தில் இறங்குவார். இரண்டு நாள் தங்குவார். மதகை எப்படித் திறக்கிறார்கள், அணைக்கட்டுக்கு என்ன கல் அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒருவரும் துரத்தாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது அவருக்குப் பிடித்திருந்தது.

ஆனாலும் எந்த விடுதியிலும் முதலில் பின்படிக்கட்டு எங்கே என்று பார்த்துக்கொள்வார். மேல்மாடி அறை என்றால் வேண்டாம் என்பார். செருப்பை வாசலைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

அவரோடு எப்போதும் ஒரு பை போகும். அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு பை. 2009இல் போரின் கடைசியில் சனம் சிதறியபோது, கடதாசிகள் ஒருவரிடமும் ஆள் இன்னோரிடத்திலுமாகப் போய், தன்னைத் தானென்று காட்ட முடியாமல் மாதக்கணக்கில் நின்றவர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு மனைவி ஜெயரூபி ஓர் ஒழுங்கு வைத்தாள். ஆளோடு ஆளின் கடதாசி இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, காணி உத்தரவுப் பத்திரத்தின் பிரதி, செட்டிகுளம் முகாமில் கொடுத்த அட்டை, கிராம சேவகரின் கடிதங்கள், எல்லாம் பொலித்தீனில் சுற்றி. முத்திரை குத்திய எதையும் எறிவதில்லை. சங்கிலி முகாமில் கொடுத்த ஒரு நீலக் கடதாசித் துண்டை நனைந்துவிட்டது என்று எறிந்தவர். ஐந்து வருடம் கழித்து வீட்டுத்திட்டத்துக்கு அதைத்தான் கேட்டார்கள். சங்கிலியின் கூரை இன்னும் தகரம்.

ஒரே ஒரு கடதாசி மட்டும் சின்னராசாவின் பைக்குள் போனதில்லை. அது அலுமாரியின் அடித்தட்டில் ஒரு மட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

1990இல், இருபத்திரண்டு வயதில், சண்டைக்குத் தப்பி மன்னார்க் கரையிலிருந்து அவர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். அதே வள்ளத்தில் விமலேஸ்வரி என்ற பெண் மூன்று வயதுப் பிள்ளையோடு வந்தாள். அவளுடைய கணவன் நடராசா கரைக்கு வந்து சேரவில்லை. தனியாக வருகிற இளைஞர்களை வேறாக்கி விசாரிக்கிறார்கள் என்று வள்ளத்தில் கதை அடிபட்டது. தனியாக வருகிற பெண்ணுக்கும் முகாம் நல்லதல்ல என்றார்கள். மண்டபம் அகதி முகாமில் பதியும்போது விமலேஸ்வரி அவரைக் கேட்காமலே சொன்னாள்: "இவர்தான். நடராசா." அவர் மறுக்கவில்லை. படம் எடுத்து அட்டை கொடுத்தார்கள். பெயர் நடராசா, தகப்பன் பெயர் கந்தையா. பின்பக்கத்தில் மனைவி விமலேஸ்வரி, மகள் பிரஷாந்தினி.

இரண்டு வருடம் அவர் நடராசாவாக இருந்தார். அறையின் நடுவில் ஒரு சேலை தொங்கியது. அதிகாரிகளுக்கு முன்னால் அப்பா என்று கூப்பிடப் பழக்கிய பிள்ளை, அவர்கள் இல்லாதபோதும் அப்படியே கூப்பிட்டது. 1992இல் தகப்பன் செத்த செய்தி வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு மீன்பிடி வள்ளத்தில் திரும்பினார். மண்டபத்துப் பதிவேட்டில் நடராசா என்ற ஆளின் பெயர் வெட்டப்பட்டதா, காணாமல்போனவர் என்று எழுதப்பட்டதா, இன்னும் தேடுகிறார்களா, அவருக்குத் தெரியாது. விமலேஸ்வரி வேறு முகாமுக்கு மாற்றப்பட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டார்.

ஜெயரூபிக்கு இதெல்லாம் தெரியும். கலியாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அவள் அதை வைத்துப் பகிடி பண்ணுவாள். அவர் இந்தியா போகும்போது மட்டும் அந்த அட்டையின் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. கடவுச்சீட்டில் சின்னராசா. முகம் ஒன்றுதான்.

போன வருடம் பங்குனியில், விருத்தாசலம் தாண்டிய ஒரு ரயிலில் பரிசோதகர் வந்து பயணச்சீட்டைக் கேட்டார். காட்டிவிட்டுத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது கை கனமான ஒன்றில் பட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, மஞ்சள் பிடித்து, இருபத்திரண்டு வயது முகம். முடி போய்விட்டது, கன்னம் போய்விட்டது. மடிந்த இடது காது மட்டும் அப்படியே இருந்தது.

பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போகும்வரை அவர் பையை மூடவில்லை. மூடினால் பார்ப்பார் என்று தோன்றியது.

அடுத்த நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு அழைத்தார்.

"ஜெயரூபி, அந்த அட்டையை என்ர பையுக்கை வைச்சனியோ?"

"எந்த அட்டை?"

"மண்டபத்து அட்டை."

அவள் சிரித்தாள். "ஆ, உங்கட மூத்த தாரத்தின்ரையோ? அலுமாரியிலை கறையான் ஏறிட்டுது. மட்டைப்பெட்டியிலை கிடந்ததுகளை எடுத்து அவரவர் பையுக்கை வைச்சனான். ஏன், அவாவைத் தேடிப் போகப் போறியளோ?"

"நான் இந்தியாவிலை நிக்கிறன்."

"தெரியுந்தானே. அதுக்கு..."

அவளுக்குப் பின்னால் கோழி கேருவது கேட்டது.

"எறிஞ்சுபோடுங்கோ," என்றாள்.

ஒரு கடதாசியைப் பற்றி அவள் இந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை. பயம் அப்போதுதான் முழுதாக வந்தது.

அடுத்த ரயிலில் ஏறி, கதவடியில் நின்றார். பாலங்கள் போயின. கை நீட்டினால் போதும். ஆனால் தண்டவாளத்தில் யாராவது பொறுக்குவார்கள். படம் இருக்கிறது, முகாம் இருக்கிறது. பொலிசுக்குக் கொண்டுபோனால், இந்த ஆள் எப்போது இந்த வழியால் போனான் என்று பார்ப்பார்கள். கழிவறைக்குள் போய்க் கிழிக்கப் பார்த்தார். உறை வளைந்தது, கிழியவில்லை. திருப்பினார். பிரஷாந்தினி, வயது 3. திரும்ப வந்து இருந்தார். அட்டையைப் பையின் நடுவில், காணிப் பத்திரத்துக்கும் கலியாணப் பதிவுக்கும் இடையில் செருகினார்.

கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் திரும்புவதாகப் பதிந்திருந்தார். அதுவரை திட்டப்படி கல்லணைக்குப் போனார். ஒன்பது வருடமாக அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தவர். கல்லில் தண்ணீர் பிரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் மனதில் ஏறவில்லை. அந்த ஊர்க் கமக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த ஊருங்க?"

சின்னராசா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "கேரளா."

"மலையாளியா? தமிழ் நல்லாவே பேசறீங்களே. கொஞ்சம் இழுக்குது, அவ்வளவுதான்." அந்த மனிதர் சிரித்தார். "கேரளாவுல எங்க?"

அவருக்கு ஒரு ஊரும் வரவில்லை. பஸ் வருகிறது என்றார். பஸ் வரவில்லை. வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தார். இந்த மண்ணில் தன்னை வேறொருவர் என்று சொன்னது இது இரண்டாவது முறை என்று நடக்கும்போது நினைத்தார். முதலாவதைச் சொன்னதுகூட அவரல்ல.

விடுதி அறையில் பயிற்சி எடுத்தார். யாரும் கேட்டால், அது அண்ணர். நடராசா. முகம் ஒரே சாயல். செத்துப்போனார். படம் வேறு இல்லாததால் வைத்திருக்கிறேன். கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். பொய்யில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

துறைமுகத்தில் பொதிகளை இயந்திரத்துக்குள் விட்டார்கள். பை வெளியே வந்ததும் ஒரு இளம் அதிகாரி அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"உள்ள என்ன இவ்ளோ பேப்பர்?"

"என்ர கடதாசியள்."

மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். அதைப் பார்க்கச் சின்னராசாவுக்குத் தன் உடுப்பைக் கழற்றுவதுபோல இருந்தது. அட்டை வந்தது. இளம் அதிகாரி அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது யாரு?"

"அண்ணர். செத்துப்போனார்."

அதிகாரி காதைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பிறப்புப் பத்திரத்தை விரலால் இழுத்துப் படித்தார்.

"உங்க அப்பா பேரு?"

"வேலுப்பிள்ளை."

"இந்த அட்டையில கந்தையான்னு இருக்கே. அண்ணனுக்கு ஒரு அப்பா, தம்பிக்கு ஒரு அப்பாவா?"

பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்தாள். சின்னராசா பொய்யைக் கண்ணாடியோடு சரிபார்த்தவர், பையோடு சரிபார்க்கவில்லை.

அவரை ஒரு கதிரையில் இருத்தினார்கள். மற்றவர்கள் கப்பலுக்கு நடந்தார்கள். ஒரு பிள்ளை காற்றடித்த பந்தை உருட்டிக்கொண்டு போனது. அவர் கணக்குப் போட்டார்: கப்பல் போனால் இன்று தங்க இடம் எங்கே. இங்கே வைத்திருந்தால் யாருக்குச் சொல்வார்கள். வைத்திருக்கும் இடத்தில் பின்படிக்கட்டு இருக்காது. அந்த அறைக்கு எத்தனை வாசல் என்று எண்ணினார்.

முதிய அதிகாரி ஒருவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையை இரு பக்கமும் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். வள்ளம், விமலேஸ்வரி, பிள்ளை, தொங்கிய சேலை. சொல்லச் சொல்ல அது இன்னும் பெரிய பொய்போல அவருக்கே கேட்டது. அதிகாரி மேசையில் பரவிக் கிடந்த கடதாசிகளைக் காட்டினார்.

"இதையெல்லாம் ஏன்யா தூக்கிட்டுத் திரியறீங்க?"

"விட்டிட்டு வர ஏலாது, ஐயா."

அதிகாரி கடவுச்சீட்டைத் திறந்தார். அதன் இலக்கத்தை அட்டையின் பின்பக்கத்தில், பிரஷாந்தினியின் பெயருக்குக் கீழே, உறையின் மேல் அழியாத மைப் பேனாவால் எழுதினார். அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"இது எங்க காகிதம். இங்கேயே இருக்கட்டும். நீங்க போங்க, கப்பல் கிளம்புது."

கடதாசிகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் போனார். ஓடவில்லை. ஓடினால் கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். கடல் நடுவில்தான் பையை மூடாமல் தூக்கி வந்ததைக் கண்டார்.

வட்டக்கச்சிக்கு வந்து சேர்ந்ததும் ஜெயரூபி தேத்தண்ணிகூட வைக்கவில்லை. பையை வாங்கிப் பாயில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அது எங்கை? எறிஞ்சிட்டியளோ?"

"வாங்கிட்டாங்கள்."

"ஆர்?"

நடந்ததைச் சொன்னார். அவள் கைகள் கடதாசிகள் மேல் நின்றன.

"வாங்கினதெண்டு துண்டு எழுதித் தந்தவங்களோ?"

"இல்லை."

"வாங்கினதுக்கு ஒரு துண்டும் தரேல்லையோ? நீங்கள் கேக்கேல்லையோ?"

"அந்த நேரத்திலை எப்படியப்பா கேக்கிறது?"

"உங்கட பாஸ்போட் நம்பரை அதிலை எழுதி வைச்சிருக்கிறாங்கள். நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு வந்து, நீ களவாய் வைச்சிருந்தாய், நாங்கள் பிடிச்சனாங்கள் எண்டால்? நீங்களாய்ச் சொன்னனீங்கள் எண்டதுக்கு என்ன அத்தாட்சி கிடக்கு?"

அவள் எழும்பிப் போய் ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுவந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். திகதி, நேரம், அதிகாரியின் தோற்றம். எந்த அட்டை, எந்தப் பெயரில், எந்த வருடம், ஏன் அந்தப் பெயர். தாளைக் கிழித்து அவரிடம் ஒப்பம் வாங்கினாள். தானும் வைத்தாள். பொலித்தீனுக்குள், காணிப் பத்திரத்துக்கும் கலியாணப் பதிவுக்கும் இடையில் வைத்தாள்.

இரண்டு கிழமை கழித்துத்தான் சின்னராசா அதை எடுத்து வாசித்தார். சின்னராசா ஆகிய நான் 1990 முதல் 1992 வரை நடராசா என்ற பெயரில் வாழ்ந்தேன் என்று அதில் இருந்தது. கீழே அவருடைய ஒப்பம். அட்டையைப் பற்றியாவது அண்ணர் என்று ஒரு பொய் சொல்லிப் பார்க்கலாம்; தன் ஒப்பத்துக்கு அதுவும் சொல்ல முடியாது.

இந்த வருடம் வெட்டு முடிந்து ஒரு மாதமாகிறது. சங்கிலி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன அண்ணை, இந்த முறை எந்தக் குளம்?" என்று கேட்டார். பொலன்னறுவைக்காவது போய் வரலாம் என்று சின்னராசா நினைத்தார். உடுப்பு மடித்தார். பையை எடுத்தார். பஸ்ஸை மறித்துச் சோதித்தால் என்று நினைத்ததும் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஜெயரூபி, அந்தத் தாளை வெளியிலை எடு."

"எடுத்து?"

"வேறை எங்கையாவது வை."

"எரிக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். வை."

"எங்கை வைக்க?"

அலுமாரியைப் பார்த்தார்கள். கூரை வளையைப் பார்த்தார்கள். குசினி, சாமிப்படம், நெல்மூட்டை. தாள் அவள் கையில் இருந்தது. வெளியே சங்கிலி எட்டுமணி பஸ் வருகிறது என்று கத்தினார். இரண்டு பேரும் அசையவில்லை.