ஷாஃப்ட் வாசலில் ஒரு மட்டை

கேஜின் கம்பிக் கதவு திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு பூப்பந்து மட்டை. ஆட்களைச் சுரங்கத்திலிருந்து மேலே தூக்கிவரும் அந்தக் கூண்டின் வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த முகங்கள். அவர்கள் நடுவே வெள்ளை அரைக்கால்சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக, மட்டையை இறுகப் பிடித்தபடி மாமா நின்றிருந்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். துக்க வீட்டுக்குள் கல்யாண மாப்பிள்ளை நுழைந்துவிட்டது போல இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

“வந்துட்டியா மச்சான்?” என்றார்.

“இன்னா மாமா, மேட்ச் முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சிச்சி.”

“ஜெயிச்சிட்டீங்களா?”

“நட, நட. உங்கக்கா சோத்த வச்சிகினு குந்தினு இருப்பா.”

அவ்வளவுதான். வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார்.

பூப்பந்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய ஒரு சின்னப் பந்து. பந்து தரையில் பட்டால் தீர்ந்தது கதை. காற்று அடித்தால் பந்து அடித்தவன் பேச்சைக் கேட்காது. எங்கள் கோலார் தங்க வயலிலோ, தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசியை வாரிக்கொண்டு வரும் காற்றுக்குக் குறைச்சலே இல்லை. மாமா அந்தக் காற்றையே ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு ஆடுவார். ‘அவுரு அடிக்கல, ஊதி அனுப்புறாரு’ என்று தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் கிண்டல் செய்வார்கள். ஊதுவதற்கு அவர் நெஞ்சில் காற்று குறைந்துகொண்டே வந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். பாறையைத் துளைக்கும் வேலை அவருக்கு. நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது, இனி கீழே போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகாதே என்பது சுலபம். மேலே வேலை யார் கொடுப்பது?

ஆட்டத்தில் பைத்தியமாயிருந்த ஒரு சுரங்க அதிகாரி ஒரு வழி சொன்னார். எங்கள் ஊர்க் கோரமண்டல் மைதானத்தில் நடந்த அந்தப் போட்டிக்கு மெட்ராசிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. விளையாடுவதற்காகவே வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டவர்கள். ஆட்டமே அவர்களுக்குத் தொழில். அவர்களைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கு, மறுநாளே உன்னை மேல் வேலைக்கு மாற்றுகிறேன் என்றார் அவர். அக்கா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். போட்டியன்று எனக்குச் சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட். ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நடந்ததை ஆட்டம் பார்த்தவர்கள் சொல்லித்தான் கேட்டேன்.

ஆட்டம் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் சமம். அடுத்த புள்ளி எடுப்பவர்களுக்குக் கோப்பை. எதிர் அணி அடித்த பந்து உயரே எழும்பி, மாமா இருக்கும் பக்கமாகக் காற்றில் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. அப்போது பூமி குலுங்கியது. ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிப்பதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். அலமாரிப் பாத்திரம் ஆடினால் போதும், எங்கள் ஊரில் கையில் இருப்பதைக் கீழே வைக்கக்கூட யோசிக்கமாட்டார்கள். கால் சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து ஓடும். யார் செத்தார்கள் என்று கேட்கமாட்டார்கள். கேஜ் மேலே வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்பார்கள். அதுதான் வழக்கம். மற்ற நான்கு ஆட்டக்காரர்களும் ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பினார்கள். மாமா ஓடியே விட்டார். பந்து அவர் நின்ற இடத்தில் வந்து விழுந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு அது என்ன அதிர்ச்சி என்றே புரியவில்லை. வெளியூரிலிருந்தே வந்திருந்த நடுவரும், ஆட்டத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று புள்ளியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதிகாரி வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போலக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாராம்.

வெடித்தது ஆளில்லாத பழைய குடைவு. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் வேலை செய்த இடத்தில் விளக்குகூட அணையவில்லை. அடுத்த திங்கட்கிழமை மாமா மறுபடியும் கேஜில் ஏறிக் கீழே போனார்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். மட்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். ஒருநாள் நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்த ஒரு பந்த அடிச்சிட்டு ஓடியிருக்கலாம் மச்சான். நீ எப்படியும் மேல வந்துதான் இருப்ப.”

கோபமில்லை, குறையுமில்லை. வெகுநாளாக யோசித்துக் கண்டுபிடித்ததைச் சொல்லும் குரல். “ஆமா மாமா” என்றேன். எனக்காகத்தானே ஓடினார். கஞ்சியை இன்னும் ஒரு தடவை ஆற்றி அவர் வாயருகே கொண்டுபோனேன். அந்த மழைக்காலத்தைக்கூட அவர் தாண்டவில்லை.

போன மாதம் பெங்களூரில் பேத்தி என்னை ஒரு போட்டிக்கு அழைத்துப்போனாள். பேடல் என்று ஒரு புது ஆட்டமாம். சுற்றிலும் கண்ணாடிச் சுவர், அதற்குள் பக்கத்துக்கு இரண்டு பேர், நரம்பில்லாத கட்டை மட்டை. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்து தரையில் விழுந்து, கண்ணாடியில் மோதி, திரும்பி வந்தது, அதையும் அடித்தார்கள். “ஒருதடவ கீழ விழலாம் தாத்தா, தப்பில்ல” என்றாள் பேத்தி. தாராள மனசுள்ள ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு பந்து தரையில் பட்டு, கண்ணாடிக்கு மேலே எழும்பி வெளியே போனது. ஒருவன் பக்கத்துக் கதவு வழியாக வெளியே ஓடினான். ஆட்டம் முடிந்தது என்று நான் எழுந்தேன். பேத்தி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“இருங்க தாத்தா. வெளிய ஓடிப் போய் அடிச்சாலும் செல்லும். ரூல்ஸ்லயே இருக்கு.”

அவன் வெளியே நின்றபடியே பந்தை உள்ளே அடித்தான். கூட்டம் எழுந்து கைதட்டியது. என் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஷாஃப்ட் வாசல்தான். வெள்ளை அரைக்கால்சட்டையோடு பெண்கள் நடுவே மாமா நின்றிருந்தார், கேஜ் கதவையே பார்த்துக்கொண்டு. மட்டையை அவர் அன்று கீழே போடவே இல்லை.