அம்மாவின் காதுக்கு ஒரு பற்றரி

சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டார்கள் என்ற செய்தியை, டியூட்டி முடிந்து வளைகுடாவில் என் முவைலா அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே ரேடியோவில் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. ஊரில் அம்மா தனியே இருந்தா. காது கேளாது. காதுக்கருவி இருந்ததுதான், ஆனால் சண்டைக் காலத்தில் வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. சட்டைப் பொத்தான் அளவுப் பற்றரிக்கும் அதே சட்டம்! கருவி செத்துப்போனது. நான் வளைகுடாவுக்கு வந்த பிறகு அம்மா என் குரலைக் கேட்டதே இல்லை.

லீவு கிடைத்தது. பர் துபாயில் புதுக் கருவியும் பற்றரிகளும் வாங்கினேன். பெட்டி கட்ட உட்கார்ந்ததும் கை தன்பாட்டில் பழைய வேலையைச் செய்தது. கருவி, டோர்ச், மணிக்கூடு எல்லாவற்றிலும் பற்றரியைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். என்னோடு அறையில் இருந்த நர்ஸ், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, வாயைப் பிளந்தாள்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? பேட்டரி இல்லாம காது மெஷின் எதுக்கு?”

“செக்பொயின்டில பிடிச்சா என்னை உள்ள போட்டிடுவாங்கள். அங்க போய் வாங்குவன்.”

“அதான் சண்டை நின்னுட்டுல்லா!”

“எங்கட நாட்டை எனக்குத் தெரியும். நீர் வாயைப் பொத்தும்.”

செக்பொயின்டில் என் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. சிப்பாய் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டான். யாழ்ப்பாண டவுனில் புது மோட்டார் சைக்கிள், போன் கடை, பாங்க் போர்டு என்று எல்லாம் வந்திருந்தன. அந்தச் சின்னப் பற்றரி மட்டும் ஒரு கடையிலும் இல்லை. “கொழும்பிலதான் எடுக்கலாம் அக்கா” என்றார்கள். வீட்டில் அம்மாவோ அந்தச் செத்த பழைய கருவியை மாட்டிக்கொண்டு, கேட்கிற மாதிரி எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தா. மடைச்சி, மடைச்சி என்று என்னையே திட்டினேன்.

அயலுக்குக் கொடுக்கலாமென்று பேரீச்சம்பழப் பொதியை வெட்டினேன். நடுவில் அறைக்காரி முகம் துடைக்கிற லேஞ்சி, முடிச்சுப் போட்டபடி. அவிழ்த்தால், நான் மேசையில் விட்டுவந்த பற்றரி அத்தனையும்!

ஒன்றைப் புதுக் கருவியில் போட்டு அம்மாவின் காதில் மாட்டினேன். கருவி கீச்சிட்டது. வழக்கம்போல் காதுக்குள் வாயை வைத்து, “அம்மா, நான் வந்திட்டன்!” என்று அலறினேன். அம்மா துள்ளி விழுந்தா.

“ஏனடி கத்திறாய்? எனக்குக் கேக்குதெல்லோ.”

சில வருடங்களில் அந்தப் பாதையை மறுபடி பூட்டிவிட்டார்கள், பற்றரி போவதும் நின்றுபோனது. அதுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பற்றரியை ஒளித்துவைத்த அந்தக் கள்ளிக்கு நான் எத்தனை முறை நன்றி சொல்லியிருப்பேன்! ஆனால் அம்மா சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. என் ‘ஹலோ’வைக் கேட்டதும் அம்மா சொல்லுவா:

“உன்னோட பிறகு கதைக்கிறன். முதல் போனை அந்தப் பிள்ளையிட்டக் குடு.”