புகை சாயும் பக்கம் நின்றவர்

சமயநல்லூர் பக்கம் ஓர் ஆலையின் புகைபோக்கிக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தேன். கந்தகப் புகையை அமிலமாக மாற்றிப் பிடிக்க உதவும் மஞ்சள் உருண்டைகளுக்குப் பொறுப்பாளர், புருவத்தில் மஞ்சள் தூசி படிந்த ஒரு நெட்டை மனிதர். ஆலையை நிறுத்திய நாளில் அவற்றைக் கொட்டிச் சல்லடையில் சலித்துத் தூசி நீக்கிக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுப் புகைய மாத்துதே, கரைஞ்சு போகாதாண்ணே?” என்று கேட்டேன்.

“அது மாத்தும்; தான் மாறாது. தூசி அடைச்சாத்தான் வம்பு. விஷம் பூரா புகைபோக்கி வழியா ஊருக்குப் போயிரும்.”

ஆலை மறுபடி ஓடியது. புகையை அளக்கும் மீட்டர் சரியென்று காட்டியது. ஏணியில் கால் வைத்த என்னைத் தடுத்தார்.

“இருங்கண்ணே, முதல்ல நான் போறேன்.”

உச்சி மேடையில், புகை சாயும் பக்கமாக நின்று நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். இருமவில்லை. வரச்சொல்லிக் கையசைத்தார்.

ஏறினேன். வெறும் வெதுவெதுப்பான காற்று. நம்ப முடியாமல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். வருஷா வருஷம் பார்ப்பவர், அவரும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார்.