இரண்டு புள்ளடி

நாங்கள் குடியேறிய ஓகூஸ் நகரிலுள்ள தமிழ்ச் சபையின் போதகர் ஒரு கட்சியின் சார்பில் நகரசபைத் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தபோது, அதே கட்சியில் நான் ஏற்கெனவே வேட்பாளர். தமிழ் வாக்குகள் இல்லாமல் நான் வெல்ல வழியில்லை.

போதகர் பொறுப்பை விட்ட அன்று செய்த பிரசங்கத்தில், அமெரிக்கா புதிதாக உருவான காலத்தில் அங்கியைக் கழற்றிவைத்துச் சட்டசபைக்குப் போன ஒரு போதகரின் வாழ்க்கையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த மனிதரைப் பற்றித் தேடி வாசித்தேன். வாக்குக் கேட்டு அலைந்ததாக எங்கும் காணவில்லை. மேடையிலிருந்து இறங்கியவர் நேரே அவையில் போய் உட்கார்ந்திருக்கிறார். எரிச்சலாக இருந்தது. எங்கள் போதகரும் அப்படித்தான் போவார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று எல்லா வீட்டிலும் அவர் கை பட்டிருந்தது. என்னிடம் இருந்தவை வெறும் வாக்குறுதிகள்: பேருந்துத் தடம், சைக்கிள் பாதைக்கு வெளிச்சம், முதியோர் இல்லங்களில் தமிழ் பேசும் ஊழியர். கட்சி வேட்பாளர் பட்டியலில் அவருடைய பெயரை என் பெயருக்கு மேலே போட்டது.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கையில், ஒரு அன்ரி என் கையைப் பிடித்தார். "பிள்ளை, கவலைப்படாதை. உனக்கும் பாஸ்டருக்கும் புள்ளடி போடுறன். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் கதைச்சு வைச்சிருக்கிறம்."

ஊரில் ஒரே கட்சியில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போட்டுப் பழகியவர்கள். இங்கே வாக்குச்சீட்டில் இருவர் பெயருக்கு எதிரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டால் அந்த வாக்கு கட்சிக்கு மட்டும் சேரும். சொல்லாமல் விட்டால் போதகருக்கு ஒன்றும் போகாது. அந்த நினைப்பு எனக்கு இனித்தது. ஆனால் எனக்கும் போகாதே.

"இஞ்சை ஒராளுக்குத்தான் அன்ரி. ரெண்டு போட்டால் எங்கள் ரெண்டு பேருக்கும் இல்லை."

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப பாஸ்டருக்குத்தான். எங்கடை இவரை அடக்கம் பண்ணினவர். நீ படிச்ச பிள்ளை, குறை நினையாய். எழும்பி எல்லாருக்கும் விளங்கப்படுத்திவிடு."

எழுந்தேன். வெண்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டம் கீறினேன். மேலே அவர் பெயர், கீழே என் பெயர். உதாரணத்துக்கான புள்ளடியை என் கட்டத்தில் போட்டேன்.

"கெட்டிக்காரி," என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார், கொஞ்சமும் பயமில்லாமல். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.