ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு

போன சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் முழித்தேன். கேள்வி ஒன்றும் கஷ்டமில்லை. பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் இரண்டு முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்… அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அங்கேதான் சிக்கல்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். வாரத்தில் ஒரு நாள் எழுதுவேன். மிச்ச நாளெல்லாம் திருவொற்றியூரில் பைக்கைக் கிளப்பி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கம்பெனி கம்பெனியாகச் சர்வர் போட்டுக் கொடுப்பேன். எதில் ஆபத்து அதிகம் என்று கேட்காதீர்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டாவது இடிப்பார்.

அன்றைக்குப் போட வேண்டியது எல்டாப் டைரக்டரி சர்வர். பேரைக் கேட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், விஷயம் எளிதுதான். கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் புரோகிராம் அது. பில்லிங்கில் நுழைந்தாலும் சரி, கேட் பாஸ் போட்டாலும் சரி, கம்ப்யூட்டர் இந்தச் சர்வரிடம்தான் 'இவர் நம்ம ஆளா?' என்று கேட்டுக்கொள்ளும். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் செய்கிற வேலைதான். என்ன, இது தூங்காது.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் தண்டையார்பேட்டையில் நடமாட வேண்டியிருக்கிறது. துறைமுகச் சரக்கு வைக்கும் கோடவுன், சொந்த லாரிகள், மணலி புதுநகரில் ஒரு கிளை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முதலாளிகளை லாரி டிரைவர் முதல் டீக்கடைக்காரர் வரை பெரியண்ணாச்சி, சின்னண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு அண்ணாச்சிகளும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பெரியவர் மகள் கல்யாணப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் சின்னவர் பெயர் சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டதாம். பிரஸ்காரர் செய்த வேலை என்கிறார் பெரியவர். பிரஸ்காரருக்கு என்ன என்மேல் கோபம் என்கிறார் சின்னவர்.

பேசுவதில்லையே தவிர, பிரியவும் இல்லை! ஒரே ஏசி அறை, எதிரெதிர் மேஜை. நடுவில் ஒரு நாற்காலி. அதில் ரோஸ்லின்.

ராயபுரத்துக்காரர். ஆபீஸ் நிர்வாகம் என்று பதவி. உண்மையான வேலை வேறு. நான் உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான்:

"ரோஸ்லினு, அவன்ட்ட ஏசியக் குறைக்கச் சொல்லு."

"சின்னண்ணாச்சி, ஏசியக் குறைக்கணுமாம்."

"வேர்க்குன்னு சொல்லு."

"பெரியண்ணாச்சி, அவருக்கு வேர்க்குதாம்."

இருவருக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கும் தூரம்கூட இல்லை. சிரிக்காதீர்கள் — உங்கள் வீட்டில் 'உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா' என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லையா? அப்பா அதே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க? வீட்டில் அது ஒரு வாரம் ஓடும், அப்புறம் கத்தரிக்காய் தீர்ந்துபோனதும் பேச்சு வந்துவிடும். ரோஸ்லினுக்கு அதுவே உத்தியோகம்.

இந்த ரோஸ்லினுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். புதுக் கம்பெனி இங்கிருந்து ரிலீவிங் லெட்டர் கேட்கிறது. அண்ணாச்சிகளோ, 'யார் யாருக்கு என்ன பாஸ்வேர்டுன்னு நீதான் பாத்துக்கிட்டிருக்க. அதுக்கு ஒரு சிஸ்டத்தைப் போட்டுட்டுக் கிளம்பு' என்று சொல்லிவிட்டார்கள். தனித்தனியாகத்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சர்வர் ஓடினால் லெட்டர். ஓடாவிட்டால் அதே நாற்காலி.

"சார், எப்டியாவது இன்னிக்கு முடிச்சுடுங்க சார். இன்னொரு திங்கக்கிழமை இந்த ஏசியப் பத்தி நான் பேசினா செத்துருவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். ஒரு மணி நேர வேலைம்மா என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. இந்தச் சர்வரைப் போடும்போது அது வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும். மெஷினின் முழுப்பெயர் என்ன? கொடுத்தேன். எந்த யூசர் பெயரில் ஓட வேண்டும்? இதற்கென்று அதிகாரம் எதுவும் இல்லாத தனி யூசர் ஒன்றை உண்டாக்கிக் கொடுப்பது வழக்கம். நாளைக்கு எவனாவது உள்ளே புகுந்தாலும் அந்த யூசரால் பெரிய சேதம் வராது.

பெரியண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம சர்வரு, எதுக்கு அதிகாரம் இல்லாத ஆள் பேர்ல ஓடணும்?"

"பாதுகாப்புக்குத்தான் அண்ணாச்சி."

"அப்ப அவன் பேரப் போடும்" என்று சின்னவர் பக்கம் தலையை ஆட்டினார். ரோஸ்லின் இதை மொழிபெயர்க்கவில்லை. நானும் காது கேட்காதவன் மாதிரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அடுத்த கேள்விதான் நான் முழித்தது. இந்த டைரக்டரி ஒரு தலைகீழ் மரம் மாதிரி. மேலே ஒரு வேர், அதிலிருந்து கிளைகளாகக் கீழே ஆட்கள் தொங்குவார்கள். வேருக்கு என்ன பெயர் என்று முதலிலேயே கேட்டுவிடும். ஏனென்றால் பின்னால் மாற்றுவது பெரிய ரோதனை, எல்லாவற்றையும் பிடுங்கி நட வேண்டும். இதை நான் வாயை மூடிக்கொண்டு செய்திருக்கலாம். 'எல்லாருக்கும் மேலே இருக்கிற பெயர்' என்று விளக்கித் தொலைத்தேன்.

பத்திரிகையில் பெயர் கீழே போனதற்காகப் பேச்சை நிறுத்திய வீடு அது. மேலே யார் பெயர் என்று நான் கேட்கலாமா?

அப்பா ஆரம்பித்த பழைய கம்பெனி பெயர்தான் வேர் என்றார் பெரியவர். லாரியெல்லாம் நான் தொடங்கிய லாஜிஸ்டிக்ஸ் பெயரில்தான் ஓடுகிறது என்றார் சின்னவர். எல்லாம் ரோஸ்லின் வழியாகத்தான். அவர் டென்னிஸ் பார்ப்பவர் போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில், கம்பெனி வெப்சைட் பெயரைத்தான் வேராக வைப்பது உலக வழக்கம், இன்ஸ்டாலரே அதைத்தான் காட்டுகிறது பாருங்கள் என்று நான் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். அமெரிக்காக்காரன் எழுதிய புரோகிராம் சொல்கிறது என்றதும் இருவரும் அடங்கினார்கள். சம்பந்தி வீட்டுக்காரன் இல்லையே!

அப்புறம் வந்தது டைரக்டரி மேனேஜர்.

மேனேஜர் என்றால் ஆள் இல்லை. அந்தச் சர்வரில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஒரே கணக்கு. யாரையும் சேர்க்கலாம், யாரையும் தூக்கலாம். முதலாளிகளையும்தான். அதற்கு ஒரு பாஸ்வேர்டு கொடு என்றது ஸ்கிரீன்.

"அது யார்ட்ட இருக்கும்?" இருவரும் ஒரே நேரத்தில் ரோஸ்லினைக் கேட்டார்கள்.

இங்கே அவர்களுடைய இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா காலத்து ஏற்பாடு. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. அண்ணனிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று. இருவரும் வந்தால்தான் திறக்கும். பேச்சு நின்ற பிறகும் அது நடக்கிறது… பெரியவர் வந்து தன் சாவியைத் திருகிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார். அப்புறம் சின்னவர் எழுந்து வந்து தன் சாவியைத் திருகுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பல வருஷமாகப் பெட்டியைத் திறக்கும் சாமர்த்தியம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வராது.

அதே முறைதான் இதற்கும் என்று தீர்ப்பானது. பாஸ்வேர்டில் முன்பாதி அண்ணன், பின்பாதி தம்பி. ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக்கூடாது. எனக்கும் தெரியக்கூடாது. ரோஸ்லினுக்கும்தான். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பெரிய பெரிய வங்கிகளில் இப்படித்தான் செய்வார்கள். அங்கே ஆட்கள் பேசிக்கொள்வார்கள், அதுதான் வித்தியாசம்.

பெரியவர் வந்தார். ஒற்றை விரலால் தட்டினார். ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னவே இது, ஒண்ணும் விழமாட்டக்கு?"

"பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. உள்ளே விழுது."

நம்பிக்கையில்லாமல் தட்டி முடித்தார். முடித்ததும், வாழ்நாள் முழுக்க பில் போட்ட பழக்கத்தில் என்டரை ஓங்கி ஒரு குத்து. போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். சின்னவர் வந்து தன் பாதியைத் தட்டினார். அதற்குள் ஸ்கிரீன், 'மறுபடி ஒருமுறை' என்ற இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. அண்ணன் பாதி ஒரு பாஸ்வேர்டு, தம்பி பாதி இன்னொரு பாஸ்வேர்டு.

இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றது மெஷின்.

"இத்தச் சொல்ல இவ்ளோ பெரிய மெஷினு வேணுமா சார்?" என்றார் ரோஸ்லின்.

மறுபடி. ரோஸ்லினிடம் சொல்லி, அண்ணாச்சியிடம் என்டர் அழுத்தாதீர்கள் என்று சொல்லச் சொன்னேன். (பார்த்தீர்களா, எனக்கும் தொற்றிக்கொண்டது!) மறுபடியும் என்டர். விரலுக்குக் காது கிடையாதே. அப்போ நான் முதலில் அடிக்கிறேன் என்றார் சின்னவர். அண்ணன் இருக்க அவன் எப்படி முதலில் என்றார் பெரியவர். மத்தியானச் சாப்பாடு வந்து ஆறியது. கேட்டில் லாரிகள் ஹாரன் அடித்தன. ரோஸ்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டு மறந்தால் அதை மாற்றுவதற்கு வேறு வழி உண்டு என்பது எனக்குத் தெரியும். அதை அந்த அறையில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

"பேசாம ரோஸ்லினே ஒரு பாஸ்வேர்டு போட்டு வச்சுக்கிடட்டும்" என்றார் பெரியவர். "அதான் சரி. வேணும்னா போன் பண்ணிக் கேட்டுக்கிடலாம்" என்றார் சின்னவர். பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டுப் போகிறவரைப் போனில் கட்டி இழுத்து வைக்கிற வேலை இது. வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் எழுந்துவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, வெளாடுறீங்களா? நான் போறதே இதுக்குத்தான். அவர் சொன்னத இவராண்ட, இவர் சொன்னத அவராண்ட… உள்ளத உள்ளபடி சொன்னா நான் மரியாத தெரியாதவ. கொஞ்சம் தட்டிக் கொட்டிச் சொன்னா, மாத்திச் சொல்றேன்னு சந்தேகம். வூட்டாண்ட போனா, 'இன்னாடி, தூக்கத்துல ஏசியக் குறைக்கச் சொல்றே'ங்கறாரு என் வூட்டுக்காரரு. பேஜாராப் பூட்ச்சு. பாஸ்வேர்டு என்கிட்ட கீதுன்னா, எங்க போனாலும் உங்க ரெண்டு பேர் நடுவுலதான் நின்னுகினு இருப்பேன். முடியாது."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். குரல் உடைந்திருந்தது.

"வெளியே நிக்கிறேன். லெட்டரு குடுத்தா வாங்கிக்கிறேன். குடுக்கலன்னா அந்த வேலையும் போச்சு, வூட்ல சும்மா குந்திகினு இருப்பேன். இந்த நாற்காலில குந்த மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. அறையில் நான், இரண்டு அண்ணாச்சிகள், ஒரு காலி நாற்காலி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். இந்தத் தொழிலில் எதைக் கற்றேனோ இல்லையோ, எப்போது குனிய வேண்டும் என்பதைக் கற்றிருக்கிறேன்.

குனிந்தபடி இருக்கும்போதே நாற்காலி நகரும் சத்தம். பெரியவர் கீபோர்டுக்கு வந்தார். சின்னவரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஒற்றை விரல் தட்டல். டக்… டக்… டக். கடைசி எழுத்து முடிந்தது. விரல் உயர்ந்தது, என்டர் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே! என்டர அமுக்காதிய!"

பெரியவர் விரல் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"பொறவு என்னலே செய்யணும்?"

"கைய எடுங்க. நான் அடிக்கணும்லா."

"அடி. நான் பாக்க மாட்டேன்."

உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். தம்பி தட்டினார். இரண்டாம் முறையும் அதே போல… அண்ணன், தம்பி, என்டர். ஸ்கிரீனில் வரிகள் கடகடவென்று ஓடி, சர்வர் எழுந்துகொண்டது.

லெட்டரில் பெரியவர் கையெழுத்துப் போட்டார், சின்னவர் சீல் குத்தினார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரோஸ்லின் வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "உள்ள சத்தம் கேட்குதே, இன்னா சார்?" என்றார். ஏசி சண்டை என்றேன். நேரடி ஒளிபரப்பு.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரே போன் செய்தார். புது வேலை எப்படி என்று கேட்டேன். ஒன்றும் விசேஷமில்லை, ஃபைல்கள்தான், கேன்டீன் சாம்பார் தண்ணி என்றார். கடைசியாக அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"இன்னிக்குப் பூரா, என் பேச்ச மட்டும்தான் சார் பேசினு இருந்தேன்."