ஓடாத வேனுக்கு ஓர் ஆயுத பூஜை

ஆயுத பூஜை அன்று காலை அப்பா எங்கள் வேனுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோதே, அதை எடுத்துப்போக லோரி வந்துவிட்டது.

அப்போது நாங்கள் பாயா ரும்புட் என்ற ஊரில், தாமான் என்று சொல்லும் வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். அந்த வேனில்தான் அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். அதன் இன்ஜின் அடியோடு போய், எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. பழைய இரும்பு வாங்கும் சீனரிடம் சொல்லியிருந்தோம். மறுநாள் வருவதாகத்தான் பேச்சு. என்ன அவசரமோ, முன்கூட்டியே வந்து நின்றார்.

எனக்கு எட்டு வயது. நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சூடம் காட்டியபின் வண்டி நகர்ந்து பழங்களை நசுக்கவேண்டும். அப்போதுதான் பூஜை முடிந்த கணக்கு. ஓடாத வண்டி எப்படி நசுக்கும் என்று எனக்கு ஒரே யோசனை. அம்மாவின் தம்பிக்கும் அதே யோசனைதான். ஆனால் மாமா அதை வாய்விட்டே கேட்டார்.

"மச்சான், இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கு எலுமிச்சம்பழமா? ஜூஸ் போட்டுக் குடிச்சாலாவது வெயிலுக்கு நல்லாருக்கும் லா."

"வாய மூடுடா, சாமி காரியம்!" என்று அம்மா அதட்டினார்.

அப்பா சீனரிடம் போய், கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று மலாயில் கேட்டார். அவருக்கு இன்னும் வேறு இடங்களுக்குப் போகவேண்டுமாம். கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் கையிலிருந்த சூடத் தட்டையும் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்.

சூடம் காட்டியதும் அப்பா ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அம்மாவும் மாமாவும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். வேன் அசையவே இல்லை.

"மச்சான், ஹேண்ட் பிரேக்க எடுத்தீங்களா இல்லியா?"

எடுக்கவில்லை. சீனர் சிரித்துக்கொண்டே வந்து அவரும் தோள் கொடுத்தார். வேன் நகர்ந்தது. மூன்று பழங்கள் நசுங்கின. ஒன்று மட்டும் நழுவிச் சாக்கடைப் பக்கம் உருண்டது. அப்பா இறங்கி வந்து அதை எடுத்துத் துடைத்து, மறுபடியும் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

"ஒண்ணுதானே, விடுங்க மச்சான்," என்று மாமா மூச்சு வாங்கினார்.

"இவன் ஒரு நாளும் பிள்ளைங்கள நடுரோட்டுல விட்டதில்லடா. கடைசி நாள்கூட எல்லாரையும் வீட்ல எறக்கிட்டு, நம்ம கேட்டு முன்னாடி வந்துதான் நின்னான். தள்ளு."

மாமா மறுபடியும் குனிந்து தள்ளினார். அந்தப் பழமும் நசுங்கியது.

லோரியில் ஏற்றிக் கட்டியபின் அப்பா வேனின் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா சீனருக்குச் சுண்டல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். லோரி முனை திரும்பும்வரை அப்பா அங்கேயே நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, சாமிகிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கலையேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு சூடம், இத்தனை பேருடைய வியர்வை, கடைசியில் கேட்கவே மறந்துவிட்டாரே! கும்பிடுவதே எதையாவது கேட்கத்தான் என்று நினைத்திருந்த வயது. பாவம் அப்பா என்று, நானே கண்ணை இறுக மூடிக்கொண்டு அவருக்காக ஒரு புது வேன் கேட்டேன். நீல நிறத்தில் வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.