துளசிமணி கையில் கிடந்த கம்பி

லோகநாதன் பொய் சொல்கிறான். தங்கை துளசிமணியின் மணிக்கட்டை உடைத்தது அவன். அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதும் அவன்தான். இப்போது அதே தங்கையைச் சொல்லி டூர் பஸ் விடுகிறான்.

போன வாரம் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. மகளிர் மட்டும் போகும் மூன்று நாள் சிக்கனச் சுற்றுலா. நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி, பாண்டிச்சேரி. மேலே லோகநாதன் கும்பிட்டுக்கொண்டு சிரிக்கிறான். 'கடலைப் பார்க்க வேண்டும் என்ற என் தங்கையின் ஆசைதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்' என்று கீழே அச்சடித்திருக்கிறான். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. நோட்டீஸைக் கசக்கினேன். மை விரலில் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தால் வார்னிஷ் வாசம் மாதிரியே இருந்தது.

அந்த வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் மோட்டார் பம்புக்குக் காயில் சுற்றும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்த்தேன். செம்புக் கம்பியைச் சுற்றி, இரும்புக்குள் செருகி, வார்னிஷில் முக்கிச் சூட்டடுப்பில் வைப்பார்கள். அந்த வாசம் தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்கும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அது என் மூஞ்சிக்காகவும் இருக்கலாம்.

சுற்றும் வேலை முழுக்கப் பொம்பளைகள். எனக்கு இந்தப் பக்கம் துளசிமணி, அந்தப் பக்கம் ஆயிஷாக்கா. ஆயிஷாக்கா உக்கடம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர், பிறந்த ஊர் நாகூர். கை கம்பியைச் சுற்றும், வாய் கடலைச் சுற்றும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினால் அலை வந்து நனைக்கும் என்பார். துளசிமணி கேட்டுக் கேட்டு ஒரு நாள் கையை நிறுத்திவிட்டாள்.

"நாமளும் போலாமுங்க்கா."

"யாரு அம்மணி, நாமளா?"

"ஆயுத பூசைக்கு லீவு உடுவாங்கல்லங். நாம மட்டும் போலாமுங்."

அன்றிலிருந்து மதியச் சோறு முழுக்கத் திட்டம்தான். தங்க நாகூரில் ஆயிஷாக்காவின் பெரியம்மா வீடு. லாட்ஜே வேண்டாம். திருச்சி ரோட்டில் பஸ் ஏறினால் மாறி மாறிப் போய்விடலாம். புளிசோறும் வறுத்த நிலக்கடலையும் கட்டிக்கொண்டால் ஓட்டல் வாசலை மிதிக்கவே வேண்டியதில்லை. நான்தான் குறுக்கே பேசினேன். "ஏனுங்க்கா, நம்ம சிங்காநல்லூர்க் குளம் மாதிரி எத்தனை குளம் இருக்கும் அந்தக் கடல்?" ஆயிஷாக்கா சிரித்துப் புரையேறி, பருக்கை மூக்கு வழியாக வந்தது. அதற்கப்புறம் என் பெயரே குளத்துக்காரி ஆகிப்போனது.

தூரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. துளசிமணி தன் அக்கா மகனின் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்தாள். குப்பைப் பெட்டியிலிருந்து தடிமனான கம்பித் துண்டு ஒன்றை எடுத்தாள். கோயமுத்தூரில் ஒரு முனையை அழுத்தி, ரோடு வளைகிற பக்கமெல்லாம் வளைத்து, நாகப்பட்டினத்தில் கடலைத் தொட்டு, கரையோரமாகவே பாண்டிச்சேரி வரைக்கும் ஏறி, ஊருக்குத் திருப்பினாள். பிறகு அதை நீட்டி, பக்கத்தின் அடியில் இருந்த அளவுகோலோடு வைத்துப் பார்த்தாள். தினமும் கம்பியை அளக்கிறவளுக்கு வேறு எப்படி அளக்கத் தெரியும்? அளந்து முடித்ததும் அதைத் தன் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்ன துளசி, தங்க வளையலா? மாப்பிள்ளை ரெடியா?" என்று கேலி செய்தார். கேட்டில் தினமும் எங்கள் டிபன் பையைக் கொட்டிச் சோதிக்கிற மனுஷன், அந்த வாரம் முழுக்க அந்தக் கம்பியைப் பார்த்து, சிரித்து, வெளியே விட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அனுமதி வாங்க வேண்டுமே. நான் வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்றேன். ஆயிஷாக்கா நாகூர் தர்கா என்றார். கோயில் குளம் என்றால் பொம்பளையை விடுவார்கள். சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாகப் பெண்கள் கிளம்பியதெல்லாம் சாமிக்காக மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? துளசிமணிக்கும் அதையே சொல்லிக் கொடுத்தோம். அவள் கேட்கவில்லை.

"சாமி பேர்ல பொய் சொல்ல மாட்டனுங்க்கா. கடலப் பாக்கப் போறேன்னே சொல்லிப்போடறன்."

சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வெளியே வந்தோம். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் லோகநாதன் டிவிஎஸ் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடியைப் பிடித்து இழுத்து, முகத்தை கேட்டுக் கம்பியில் மோதினான். நெற்றி கிழிந்தது. கீழே விழுந்தவளை மிதித்தான்.

"கடல் கேக்குதாடி உனக்கு? எவங்கூடடி போற?"

"யாரும் இல்லீங்ணா... அக்காமாருகூடத்தானுங்ணா..."

இடது கையைப் பின்னால் வளைத்தான். கம்பி இருந்த கை. அவன் திருகத் திருகக் கம்பி சதைக்குள் இறங்கியது. "கைய உடுங்ணா, வலிக்குதுங்ணா" என்றாள். எலும்பு முறிகிறபோதும் அண்ணனுக்கு மரியாதை 'ங்' போட்டாள் அந்தப் பிள்ளை. காய்ந்த சுள்ளி மாதிரி ஒரு சத்தம். இன்றைக்கும் அடுப்புச் சுள்ளியை நான் கையால் ஒடிப்பதில்லை, அரிவாளால்தான் வெட்டுகிறேன்.

வேலையாட்கள் நூறு பேர் நின்று பார்த்தார்கள். ஆயிஷாக்கா அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். உதறியதில் ரோட்டில் போய் விழுந்தார். நான் சோற்றுத் தூக்குப்போசியை ஓங்கி அவன் மண்டையில் ஒன்று போட்டேன். மூடி கழன்று மீந்த ரசம் அவன் கண்ணில் வழிந்தது. அடுத்த அடியும் போட்டேன், ரத்தம் வந்தது. மூன்றாவதை ஓங்குவதற்குள் முஷ்டியால் என் வாயில் குத்தினான். கீழ்ப்பல் ஒன்று வேப்பமரத்தடியில் போனது. அதற்காக நான் அழவில்லை. மூன்றாவதைப் போடாததுதான் குறை.

அப்போதுதான் கூட்டம் நெருங்கி, "ஏப்பா, எதுக்கு அந்தப் பிள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கற?" என்று கேட்டது. லோகநாதன் சுற்றிலும் பார்த்தான். தங்கையின் கையைப் பார்த்தான். உடைந்த அந்தக் கையையே உயரத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க. கம்பெனிக் கம்பியத் திருடிக் கையில சுத்தியிருக்கறா. திருட்டு முண்டையக் கொஞ்சவா சொல்றீங்க?"

எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். வாரம் முழுக்க வளையலைக் கேலி செய்தவர், செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கம்பி நம்ம கம்பெனிதுதானுங்."

முடிந்தது. தங்கை திருடி என்றால் லோகநாதனுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. தங்கை கடலைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்பதுதான் கௌரவக் குறைச்சல். அவளை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள், என்னையும் சேர்த்து. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் கம்பித் திருட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டாம் தாரமாகத் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் மாமியார் சாகிற வரைக்கும் அரிசிப் பானையைப் பூட்டித்தான் வைத்தாள். இடது கையால் துளசிமணிக்கு இன்றைக்கும் ஈரத்துணி பிழிய முடியாது. மணிக்கட்டைச் சுற்றிக் கம்பி போன வழி அப்படியே வெள்ளைத் தழும்பாக இருக்கிறது. கடலை அவள் இன்னும் பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை. யாருமே போகவில்லை.

ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. வேப்பமரத்தை வெட்டி கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் செத்துப்போனார். கலவரத்தில் ஊரில் கடைகள் எரிந்த வருஷத்துக்கு அப்புறம் ஆயிஷாக்கா குடும்பத்தோடு நாகூருக்கே போய்விட்டார். போகும்போது, "வாங்க அம்மணி, நீங்க வந்தா கடல் எங்கயும் ஓடிப்போயிறாது" என்றார். முகவரியைக்கூட எழுதி வாங்காமல் விட்டேன். அன்று கேட்டில் நின்று பார்த்த நூறு பேரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு தழும்பும், எனக்கு ஒரு பல் இடைவெளியும்.

நோட்டீஸைப் பற்றி துளசிமணியிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்குக் கடலெல்லாம் இனி வேண்டாமுங்க்கா. நான் திருடலைன்னு மட்டும் அவர் சொல்லோணுமுங். சும்மா எங்காதுல வந்து சொன்னாப் பத்தாது. நாலு பேரு முன்னாடி கைய உடைச்சவரு, நாலு பேரு முன்னாடி சொல்லோணும்."

லோகநாதா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பஸ்ஸுக்குக் கொடியசைக்கிறாயாம். மேடையும் மைக்கும் உண்டென்று நீயே போட்டிருக்கிறாய். துளசிமணியைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன். முன்வரிசையில் நிற்போம். தூக்குப்போசி கொண்டுவர மாட்டேன், பயப்படாதே. பஸ் கிளம்புவதற்கு முன்னால் அந்த மைக்கைப் பிடித்து, உன்னை நம்பி ஏறி உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்: உன் தங்கை திருடினாளா?